படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அக்கா



கொல்கத்தா லேக் மார்க்கெட் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். வாழை இலை, கறிவேப்பிலை, பூ எல்லாம் கிடைக்கும். அங்கே பூக் கட்டி விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் அப்பா விட்டுப்போன மனை 5 சென்ட். அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் இல்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அக்காவும் தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் மனையை விற்க முடியும்.

விலை 4 லட்சம் என்று பேசி முடித்தார்கள். உடனே ஒரு தரகர் போன் செய்தார்.

"அக்கா, அவ்வளவு தூரம் எதுக்கு வர்றீங்க? ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பவர் என்றால் என்ன? நமக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட நாம் கொடுக்கும் அதிகாரம். என்ன விலை எழுதுகிறார், பணம் யார் கைக்குப் போகிறது, நமக்குத் தெரியாது. பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லிவிட்டது. அக்கா மறுத்துவிட்டார்.

கிரயப் பத்திரத்துக்கு வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் மாதிரிப் பத்திரம் தமிழிலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றும் அங்கே பார்க்கலாம். மனை அடமானத்தில் இருக்கிறதா, முன்பே யாருக்காவது விற்றதா என்று அது சொல்லும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக் கொடுத்தான். தம்பி தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை இருவர் பெயருக்கும் மாற்றி வைத்திருந்தான். வழக்கு, தகராறு இருந்தால் மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமானம் கேட்கமாட்டார்கள்.

அக்கா ரயில் ஏறினார். வாங்குபவரின் மகன் பத்திரம் எழுதி வைத்திருந்தான்.

"எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடுங்கக்கா" என்றான்.

"இரு தம்பி, படிச்சிடறேன்."

விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. எல்லோரும் முகம் சுளித்தார்கள். பட்டாவில் சர்வே எண் 118/2. பத்திரத்தில் 118/3. அது பக்கத்து மனை! அப்படியே பதிந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட மறுபடி கொல்கத்தாவிலிருந்து வரவேண்டும்.

திருத்தி எழுதினார்கள். முத்திரைத்தாள் செலவு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 4 லட்சத்துக்கு 36,000 ரூபாய். வழக்கப்படி வாங்குபவர் கட்டினார். அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு. வாங்குபவர் பெண்ணாகவும் மதிப்பு 10 லட்சத்துக்குள்ளும் இருந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

பணத்தை ரொக்கமாகத் தர வந்தார்கள். அக்கா வாங்கவில்லை. 2015 ஜூன் முதல், மனை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். இருவர் பாதியும் அவரவர் வங்கிக் கணக்கில் ஏறியது. அதன் பிறகுதான் கையெழுத்து.

சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்தார்கள். கைரேகையும் கேட்டார்கள்.

"எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே!" என்றார் அக்கா.

"கலெக்டரே வந்தாலும் ரேகை உண்டும்மா" என்றார் அங்கிருந்தவர்.

அக்கா சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். பத்திரத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.