அன்றாட வாழ்வில் அழகு

அழகு என்ற சொல்லைக் கேட்டதும் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன, கடையின் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி வைத்திருக்கும் சிமிழ்களும் குப்பிகளுமே. அழகு விலை கொடுத்து வாங்கும் பொருள் என்றும், கைப்பணம் குறைந்தோர்க்கு அதில் பங்கில்லை என்றும் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அந்த எண்ணம் பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம். நான் பேசப்போவது திருமணப் பந்தலுக்குரிய ஒப்பனையைப் பற்றியன்று. நாள்தோறும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் செல்லும் நாம், வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே தூய்மையாகவும் பொலிவாகவும் விளங்குவது எப்படி என்பதைப் பற்றியே பேசப்போகிறேன்.

தலைமையாசிரியராக இருந்தவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் புன்னகை செய்யலாம். காலை வழிபாட்டின்போது நூற்றுக்கணக்கான முகங்களுக்கு எதிரே நிற்பது தலைமையாசிரியரின் அன்றாடக் கடமை. எந்த முகம் பொலிகிறது, எந்த முகம் வாடியிருக்கிறது, அதற்குக் காரணம் யாது என்பவற்றை அவர் காணாதிருக்க இயலாது.

முதலில், நாம் வாழும் இடத்தின் இயல்பை அறிய வேண்டும். நீலகிரியில், குந்தா மலைப்பகுதியைச் சார்ந்த பிக்கட்டியில் வாழ்பவன் நான். அழகுக் குறிப்புகளில் பெரும்பாலானவை சமவெளியின் வெப்பத்தையும் வியர்வையையும் மனத்திற்கொண்டு எழுதப்படுவன. மலையில் நிலைமை வேறு. டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் இங்கே உறைபனி விழுகிறது. குளிர்ந்த காற்று ஈரத்தை மிகக் குறைவாகவே தாங்கும். ஆகவே நம் தோலின் ஈரம் விரைவில் குறைந்து, உதடு வெடிக்கிறது, கன்னம் சொரசொரக்கிறது, குதிகால் பிளக்கிறது.

மற்றொன்றும் உண்டு. குளிர்ச்சியாக இருப்பதால் மலை வெயில் தீங்கு செய்யாது என்று நினைக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. 1,000 மீட்டர் உயரம் ஏறுந்தோறும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுகிறது. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே கடற்கரை ஊரில் இருப்பவரைக் காட்டிலும் இங்குள்ளவர் மேல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகவே கூடுதல் கதிர் படக்கூடும். மெல்லிய மேகம் அதை முழுதும் தடுப்பதில்லை. மலைவாழ் மக்களின் கன்னங்கள் பனிக்காலத்தில் கறுத்துப்போவதற்குப் பனி மட்டும் காரணமன்று, வெயிலும் காரணம். தேயிலை பறிக்கும் பெண்டிர் தலையிலே துணியைக் கட்டி நெற்றியை மறைத்துக்கொள்வது, அறிந்தோ அறியாமலோ கைக்கொண்ட மிகச் சிறந்த அழகுக் குறிப்பாகும். குடையை மழைக்கு மட்டுமே உரியதென்று எண்ணாமல், நண்பகல் வெயிலிலும் பிடித்துச் செல்வீர்களானால் முகத்துக்கு அது நல்ல காவலாகும்.

இனிக் குளியலுக்கு வருவோம். குளிர்காலத்தில் ஆவி பறக்கும் வெந்நீரை மேலே ஊற்றிக்கொள்வது இன்பமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெந்நீரே தோலின் இயற்கையான எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இளஞ்சூடு போதும். சோப்பை உடல் முழுவதும் நுரைக்கத் தேய்க்க வேண்டியதில்லை. அக்குள், பாதம் போன்ற இடங்களுக்கு இட்டால் போதும். மற்ற இடங்களுக்கு, பாசிப்பயற்றை அரைத்த மாவைப் பாலிலோ தயிரிலோ குழைத்து மெல்லத் தடவிக் கழுவலாம். மாவை வறண்ட நிலையில் அழுத்தித் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கும்.

குளித்த பின் உடம்பைத் துவாலையால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் உலருமுன் சில துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக் கைகால்களில் பூசுங்கள். எண்ணெய் தானாக ஈரத்தைத் தருவதில்லை. உள்ள ஈரத்தை வெளியேறாமல் காக்கிறது. ஆதலால்தான் உலர்ந்த பின் பூசுவதைவிட ஈரத்தின்மேல் பூசுவது பயன் தருகிறது. நம் ஊரில் தேங்காயெண்ணெய் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும். அதை அடுப்பிலேற்றிக் காய்ச்ச வேண்டாம்; குப்பியைச் சற்று நேரம் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் உருகிவிடும். முகப்பரு உள்ளவர்கள் மட்டும் முகத்துக்கு இவ்வெண்ணெயைத் தவிர்ப்பது நன்று.

உதடு காய்ந்தால் நாவினால் ஈரப்படுத்துவது குழந்தைகளின் வழக்கம். அந்த ஈரம் உலரும்போது உதட்டின் ஈரத்தையும் உடன்கொண்டு போகிறது. ஒரு துளி நெய்யை இரவில் தடவிப் படுத்தால் சில நாள்களில் வெடிப்பு ஆறும். குதிகால் வெடிப்புக்கு, பாதங்களைப் பத்து நிமிடம் இளஞ்சூடான நீரில் வைத்து, பீர்க்கங்காய்க் கூட்டினால் மெல்லத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, எண்ணெயோ வாசலினோ பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். நீரிழிவு நோய் உடையோர் பாதத்தைச் சுரண்டுதல் கூடாது. அவர்கள் மருத்துவரைக் காண்பதே முறை.

கூந்தலுக்குச் சீயக்காயும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும், செம்பருத்தி இலையும் நம் பாட்டியர் காட்டிய வழி. ஆனால் மலையில் மழைக்காலத்தில் தலை உலர நெடுநேரமாகும். ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு பள்ளிக்கு ஓடும் சிறுமியர் பலரைக் கண்டிருக்கிறேன். தலைமயிரில் நாற்றமும் பொடுகும் சேர இது வழி வகுக்கும். ஆகவே தலைமுழுக்கை விடுமுறை நாளின் முற்பகலில் வைத்துக்கொள்ளுதல் நலம். ஒருவர் சீப்பை மற்றொருவர் எடுத்தாளுதல் பேன் பரவ வழியாகும்.

வீட்டுப் பொருள் என்பதாலேயே எல்லாம் தீங்கற்றவை ஆகிவிடா. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் வெந்து, நிறம் தெளிவதற்கு மாறாகக் கரும்படை உண்டாகும். நம் மலையின் யூகலிப்டஸ் தைலம் புகழ்பெற்றதுதான். ஆயினும் அதை நீர்க்காமல் தோலில் பூசினால் எரிச்சல் தரும். கடும் கருநிறம் தருவதாகச் சொல்லி விற்கப்படும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைச்சாயத்துக்குரிய வேதிப்பொருள் கலந்திருக்கும், அது கொப்புளத்தை உண்டாக்குவதுண்டு. அரைத்த மருதாணி இலை செந்நிறமே தரும். எந்தப் புதுப் பொருளையும் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்பே முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

உடையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் படகர் சமூகத்துப் பெரியவர்கள் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளுடையும் வெண்தலைப்பாகையுமாகத் திரண்டு செல்வதைக் கண்டோர் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். அங்கே பட்டுமில்லை, பகட்டுமில்லை; வெளுத்த துணியின் தூய்மையே அழகாக நிற்கிறது. தோடர் மகளிர் வெண்ணிறத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் செய்யும் பூத்தையல் உலகப்புகழ் உடையது. 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூன்றே நிறங்களில் அவர்கள் காட்டும் நயத்தை நாம் பாடமாகக் கொள்ளலாம். ஓர் உடையில் நிறங்கள் மிகுந்தால் கண் தடுமாறும்; இரண்டு மூன்று நிறங்களோடு நிறுத்தினால் அமைதி உண்டாகும்.

கம்பளிச் சட்டையைக் கொதிநீரில் துவைத்தால் சுருங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். தண்ணீரில் மென்மையாக அலசி, விரித்த துணியின்மேல் பரப்பி உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அரைகுறையாக உலர்ந்த உள்ளாடையை அணிவதே படர்தாமரைக்குப் பெருவாய்ப்பு. இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில் அடி தட்டையான பித்தளைச் செம்பில் கொதிநீர் ஊற்றிச் சட்டையின் கழுத்துப்பட்டியைத் தேய்க்கலாம். அறுந்த பொத்தானை அன்றே தைத்துவிடுவதும், ஒட்ட வெட்டிய நகமும், நிமிர்ந்த நடையும் காசு செலவில்லாத அணிகலன்கள்.

நேயர்களே, இவ்வளவும் எளிது. எளிதல்லாத ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் வகுப்பு மாணவர்களைப் புகைப்படம் எடுக்கும் நாளில், கறுத்த மேனியுடைய பெண்பிள்ளைகள் சிலர் ஓசைப்படாமல் பின்வரிசைக்கு நழுவிவிடுவதைக் கண்டிருக்கிறேன். எவரும் அவர்களைப் போகச் சொன்னதில்லை. வீட்டிலும் வீதியிலும் விளம்பரத்திலும் கேட்ட சொற்களே அவர்களைப் பின்னே தள்ளின. வெண்மையே அழகு என்னும் அந்தப் பொய்தான் இன்று உயிருக்கே உலை வைக்கிறது.

எங்கள் மாவட்டத்தை அடுத்துள்ள கேரளத்து மலப்புறத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசிந்துபோகும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரிதான ஒரு வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தோன்றுமுன் நிறம் வெளுப்பிக்கும் களிம்பைப் பூசியவர்கள். அத்தகைய களிம்புகளில் பாதரசம் இருந்ததே காரணமென மருத்துவர்கள் கண்டனர். பாதரசம் தோலின் கருநிறப் பொருள் உண்டாவதைத் தடுக்கும். ஆகவே முகம் சில நாள்களில் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்கும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று; இந்தியா 2018இல் அதனை ஏற்றது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள், களிம்புகளில் பாதரசம் சேர்ப்பதை விலக்குகின்றன. ஆயினும் முகவரியில்லாத சிமிழ்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், சேர்பொருள் பட்டியல் ஆகிய மூன்றும் இல்லாத களிம்பைத் தொடாதீர்கள். ‘வெள்ளி, தங்க நகைகளில் படக்கூடாது’ என்று எச்சரிக்கை எழுதிய களிம்பில் பாதரசம் இருக்கலாம் என்று ஐயுறுங்கள். பூசியவர்களுக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் மிகுதியாக நுரைத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சிமிழையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து சேர்ந்திருக்கும். அத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் அரசு விதித்தது. நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, பருவும் தோன்றும்.

நம் தோலின் கருமை ஒரு குறையன்று. உயர்ந்த மலையின் கடுங்கதிரினின்றும் உடலைக் காக்க இயற்கை விரித்த குடை அது. விரித்த குடையைக் கிழித்துக்கொள்வது அறிவுடைமை ஆகுமா?

பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் நிறத்தைப் பற்றி, விளையாட்டாகக்கூட ஒரு சொல் சொல்லாதீர்கள். தலை நன்றாக வாரியிருக்கிறாய், சட்டை தூய்மையாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவை அக்குழந்தையின் கைக்கு எட்டியவை, நாளையும் செய்யக்கூடியவை. நெய்யும் பயற்றமாவும் தேங்காயெண்ணெயும் அடுக்களையில் இருக்கின்றன. அவற்றோடு இந்த நல்ல சொல்லும் சேருமானால், எந்தப் பிள்ளையும் பின்வரிசையைத் தேடமாட்டாள்.