வாளின் கனம்
ஐரோப்பாவின் இடைக்கால வாட்களைப் பார்த்துப் புதிதாகச் செய்த வாட்களைச் சேகரிப்போர், விஸ்கான்ஸினில் உருவான ஆல்பியன் வாட்களையும், நம் டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனத்தின் வாட்களையும் ஒப்பிட்டு வழக்காடுவதுண்டு. (டேராடூன்வாழ் நேயர்கள் அறிந்திருக்கக்கூடும்.) பளபளப்பை வைத்துத் தீர்ப்புரைப்பதை நாம் ஒப்புவதில்லை. அக்கால ஒருகை வாள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்ததே. தூக்க மாட்டாத பாரம் என்பது வெறும் கட்டுக்கதை. அசல் வாளின் அலகு பிடியருகே தடித்து, நுனிவரை படிப்படியாக மெலியும். அம்மெலிவை இழைத்தெடுக்க உழைப்பு மிகுதி, விலையும் ஏறும். மெலிவில்லாத வாளோ, மொத்த எடை பொருந்தினும், வீசுங்கால் கடப்பாரையே. எனினும், ஆல்பியன் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் டேராடூன் வாளை அதே தராசில் நிறுத்தல் நேர்மையன்று. வாங்குவோர் பிடியருகே, நடுவே, நுனியருகே என மூன்றிடத்துக் கனத்தையும் விற்பவரிடம் கேட்டறியலாம்.