ஏறத்தாழ எத்தனை ஆண்டு? தோபா எரிமலையும் காலக்கணிப்பும்



மொழியியல் பயின்ற ஒருவர் எரிமலையைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கல்லில் பொறித்த எழுத்தின் காலத்தைத் தேடுவது எங்கள் துறையினரின் வேலை. கல்லின் காலத்தையே தேடுவது நிலவியலாரின் வேலை. அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை அறிந்துகொள்வதில் நமக்கும் பயன் உண்டு.

பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் உள்ள கோத்தா தம்பானை உங்களில் பலர் அறிவீர்கள். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த காலிங்ஸ் 1938இல் அங்கே அகழ்ந்து கற்கருவிகளை வெளிக்கொணர்ந்தார். 1987இல் பேராசிரியர் சுரைனா மஜித் மீண்டும் அகழ்ந்தபோது அவ்விடம் கருவி செய்யும் பட்டறையாக இருந்தமை தெரியவந்தது. அடிகல், சுத்திக்கல், செதுக்கும்போது சிதறிய சில்லுகள், முடிவுறாத கருவிகள் எல்லாம் கிடைத்தன. கூடவே எரிமலைச் சாம்பலும் கிடைத்தது.

அச்சாம்பல் கடலுக்கு அப்பால், சுமத்திராவின் தோபாவிலிருந்து வந்தது. 1980இல் வெளியான ஓர் ஆய்வு, மலாயாவில் கிடைக்கும் இச்சாம்பலுக்குப் பிளவுத்தட முறையில் ஏறத்தாழ 30,000 ஆண்டு வயது கூறியது. அதையொட்டிக் கோத்தா தம்பான் 31,000 ஆண்டுப் பழமையுடையது என்று எழுதினர். பின்னர் அது 74,000 ஆண்டு என்று திருத்தப்பட்டது. கருவிகள் மாறவில்லை, மண் மாறவில்லை. இடையில் 43,000 ஆண்டு கூடிவிட்டது. பழைய நூலையும் புதிய நூலையும் ஒருசேரப் படிக்கும் மாணவர், எது சரி, எப்படித் தெரியும் என்று ஆசிரியரைக் கேட்பார். அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய என் உரை.

தோபா ஏரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உடையது. அது எரிமலையினால் நிலம் உள்வாங்கிய பள்ளம் என்பதை டச்சு நிலவியலார் வான் பெம்மெலன் 1939இல் எடுத்துக்காட்டினார். கடைசிப் பெருவெடிப்பில் 2,800 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பு வெளிப்பட்டது என்பது ஒரு மதிப்பீடு. அந்த வெடிப்போடு கதை முடியவில்லை, அதிலிருந்து தொடங்கவுமில்லை. செஸ்னரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படிவுகளைப் பிரித்து நான்கு வெடிப்புகளை வரிசைப்படுத்தியது. முதலாவது ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. அடுத்தது 8 இலட்சம், மூன்றாவது 5 இலட்சம், கடைசியானது முக்கால் இலட்சம். ஒரே ஓலையில் நால்வர் எழுதிய கைகளைப் பிரித்தறிவதற்கு ஒப்பான வேலை அது.

கல் தன் வயதை எங்கே வைத்திருக்கிறது? பொட்டாசியம் என்னும் தனிமத்தில். அதன் பத்தாயிரம் அணுக்களில் ஒன்று மட்டும் பொட்டாசியம்-40 என்னும் நிலையற்ற வகை. ஒரே தனிமத்தின் இத்தகைய வேறு வேறு எடையுள்ள வகைகளை ஐசோடோப்பு என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் சமதானி என்று எழுதுகின்றன. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு 'ஒரே இடம்' என்று பொருள். தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமர்வதால் வந்த பெயர். 'ஓரிடத்தான்' என்று தமிழாக்கியவர் பொருளைச் சரியாகவே பிடித்தார். வழக்கில் அது நிலைக்காமற் போனதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

பொட்டாசியம்-40 சிதையும்போது பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 என்னும் வளிமமாகிறது, எஞ்சியது கால்சியமாகிறது. பாறை குழம்பாக இருக்கும்வரை ஆர்கான் தப்பிப் போய்விடும். குழம்பு வெடித்துக் குளிர்ந்து படிகம் இறுகியதும் ஆர்கான் உள்ளே சிக்கிக்கொள்ளும். அன்றுமுதல் கணக்கு ஓடுகிறது. இதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு. தோபாவின் 74,000 ஆண்டு அதற்கு முன்னே இமைப்பொழுது. பொட்டாசியம்-40 அணுக்கள் பத்து இலட்சம் இருந்தால் இதுவரை நாற்பத்தொன்று சிதைந்திருக்கும். அவற்றுள் ஆர்கான் ஆனவை நான்கோ ஐந்தோ. அந்த நான்கைந்தைத்தான் எண்ண வேண்டும்.

முன்பு பொட்டாசியத்தை ஒரு துண்டிலும் ஆர்கானை வேறொரு துண்டிலும் அளந்தனர். 1966இல் மெரிஹியூ, டர்னர் ஆகிய இருவரும் வேறு வழி கண்டனர். கல்லை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால், பொட்டாசியத்தின் ஒரு பகுதி ஆர்கான்-39 ஆக மாறும். பிறகு ஒரே படிகத்தை லேசர் ஒளியால் சுட்டு, வெளிவரும் இருவகை ஆர்கானையும் ஒரே கருவியில் அளந்துவிடலாம். கடுகளவு படிகம் ஒன்று போதும். பழைய பாறையின் துகள் ஏதேனும் சாம்பலில் கலந்திருந்தால் அந்தப் படிகம் மட்டும் பொருந்தா வயது காட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இம்முறையை நம்பலாமா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை நடந்தது. நம் போன்றோர் மனம் மகிழும் சோதனை. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்துப் பொம்பேயியை மூடியதை இளைய பிளினி தம் மடல்களில் எழுதிவைத்திருக்கிறார். 1997இல் ரென்னியும் அவருடைய குழுவினரும் அவ்வெடிப்பின் சானிடின் படிகங்களை அளந்தபோது 1925 ஆண்டு என்று வந்தது. ஏற்ற இறக்கம் 94 ஆண்டு. பிளினியின் கணக்குப்படி 1918 ஆண்டு. வேறுபாடு ஏழே ஆண்டு! ஆனால் ஏடும் குற்றமற்றதன்று. பிளினியின் படிகளில் வெடித்த நாள் ஆகஸ்டு 24 என்று பெரிதும் கொள்ளப்பட்டு வந்தது. படியெடுத்தோர் நாளை மாற்றிவிட்டிருக்கலாம் என்ற ஐயம் முன்பே உண்டு. 2018இல் பொம்பேயியின் சுவர் ஒன்றில் கரியால் எழுதிய, அக்டோபர் 17ஐக் குறிக்கும் வரி வெளிப்பட்டதும் அந்த ஐயம் வலுத்தது. கல் ஆண்டைக் கூறும், நாளைக் கூறாது. ஏடு நாளைக் கூறும், ஆனால் எழுதுவோன் பிழை செய்வான்.

மீண்டும் லெங்கோங்குக்கு வருவோம். 2012இல் ஸ்டோரி, ராபர்ட்ஸ், மொக்தார் சைடின் ஆகியோர் அப்பள்ளத்தாக்கின் சாம்பலிலிருந்தே சானிடின் படிகங்களைப் பிரித்து அளந்தனர். சாம்பல் மூடிய கற்கருவிகள் கிடைத்த களத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் எடுத்தவை அவை. விடை 73,880 ஆண்டு. ஏற்ற இறக்கம் 320 ஆண்டு. 2017இல் மார்க்கும் குழுவினரும் தோபா வெடிப்புக்குக் கூறிய விடை 75,000. ஏற்ற இறக்கம் 900. முதல் கணிப்பின் மேல் எல்லை 74,200. இரண்டாவதன் கீழ் எல்லை 74,100. இரண்டும் நூறாண்டு அளவில் உரசிக்கொள்கின்றன. இந்த எல்லைகளும் மதில்கள் அல்ல. உண்மையான காலம் அவற்றுக்குள் அமைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அவற்றின் பொருள். ஆகவே தேர்வில் ஒரு மாணவர் 74,000 என்றும் மற்றவர் 75,000 என்றும் எழுதினால் ஒருவருக்கு மதிப்பெண் மறுப்பது முறையாகாது. 31,000 என்று எழுதியவர் எந்த எல்லைக்குள்ளும் வரமாட்டார்.

இங்கே தமிழைப் பற்றி ஒரு சொல். ஏற்ற இறக்கம் இன்றி எண்ணை மட்டும் அச்சிடும் வழக்கம் நம் நூல்களில் பெருகியிருக்கிறது. அல்லது 'சுமார்' என்று ஒட்டவைத்து ஒதுங்கிவிடுகிறோம். சுமார் பாரசீகத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு எண்ணிக்கை என்று பொருள். நம்மிடம் வந்தபின் எண்ணாமல் விடுவதற்குப் பயன்படுகிறது. தமிழில் இதற்கு 'ஏறத்தாழ' இருக்கிறது. ஏற, தாழ, மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு. கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் ஒருங்கே எழுதும் அறிவியல் குறியீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. '320 ஏறத்தாழ 73,880' என்று எழுதினால் முதலில் காதுக்கு உறுத்தும், பழகினால் சரியாகிவிடும். எவ்வளவு ஏற, எவ்வளவு தாழ என்பதைச் சொல்லாத எண் பாதி எண்தான்.

இன்னொரு பாதியும் உண்டு. அந்த எண் எந்த நிகழ்ச்சியின் காலம்? படிகம் காட்டுவது வெடித்துக் குளிர்ந்த காலத்தை. அச்சாம்பல் வானிலிருந்து விழுந்து அப்படியே கிடந்ததா, மழையும் ஆறும் பின்னொரு காலத்தில் அரித்துக் கொணர்ந்து குவித்தனவா என்பது படிகத்துக்குத் தெரியாது. கட்டி என்னும் ஆய்வாளரும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், லெங்கோங்கின் சாம்பல் அடுக்குகள் இடம்பெயர்ந்து மீண்டும் படிந்தவை என்று காட்டினர். அப்படியானால் சாம்பலின் வயது 74,000 என்பதில் மாற்றமில்லை. பட்டறையின் வயது 74,000 என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். சாம்பல் குவிந்த காலம் வெடிப்புக்குச் சில மாதம் பிந்தியதாகவும் இருக்கலாம், மிகப் பல ஆண்டு பிந்தியதாகவும் இருக்கலாம். ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் தோபா சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்தன. வெடிப்புக்குப் பின்னும் மனிதர் அங்கு வாழ்ந்தனரா என்னும் பெருவினாவும் சாம்பல் எப்போது அங்கே படிந்தது என்பதையே சார்ந்திருக்கிறது.

மொழிக்கும் இத்தகைய கடிகாரம் ஒன்றைச் செய்ய முயன்றவர் உண்டு. லிபியின் கரிமக் கணிப்பு வெளிவந்த ஆண்டுகளில், அமெரிக்க மொழியியலார் மோரிஸ் சுவாதேஷ் அடிப்படைச் சொற்கள் நூற்றை எடுத்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டில் எந்த மொழியும் அவற்றில் 86ஐக் காக்கும் என்று விதி வகுத்தார். 1962இல் பெர்க்ஸ்லாந்தும் வோக்டும் ஐஸ்லாந்து மொழியைச் சோதித்தனர். அது அப்பட்டியலில் மிகச் சில சொற்களையே இழந்திருந்தது. அதன் உறவான நார்வே மொழி மிகுதியாக இழந்திருந்தது. பொட்டாசியம் எந்த நாட்டிலும் ஒரே வேகத்தில் சிதையும். சொற்கள் அப்படிச் சிதைவதில்லை.

இன்றைய முறைகள் வேகம் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டே கணிக்கின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு திராவிட மொழிக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டு என்றது. அதன் ஏற்ற இறக்கமோ ஆயிரக்கணக்கான ஆண்டு. அந்த எண் மூலத் திராவிடம் கிளைக்கத் தொடங்கிய நிகழ்ச்சிக்கு உரியது. தமிழின் வயது என்று அதை மேடையில் முழங்குவோர் அந்நிகழ்ச்சியை விட்டுவிடுகின்றனர். தமிழகத்தின் பொருந்தலில் புதைகுழியொன்றில் கிடைத்த நெல்லுக்குக் கரிமக் கணிப்பு கி.மு. 490 என்றது. நெல் விளைந்த காலம் அது. அதே குழியில் இருந்த புரிமனையில் தமிழ் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. கீறிய காலத்தை நெல்லின் காலத்தோடு எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இருதரப்புக் கட்டுரைகளையும் வகுப்பில் அருகருகே வைத்துப் படிக்கலாம். மேல்நிலை மாணவர்க்கு அது கடினமன்று.