கிதார் வாங்குமுன்



சீவக சிந்தாமணியில் ஓர் இனிய காட்சி உண்டு. காந்தருவதத்தையை யாழ்ப்போட்டியில் வெல்ல வந்த சீவகன் முன் யாழ்களைக் கொணர்ந்து வைக்கின்றனர். அவன் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறான். இது நீரில் நின்று அழுகிய மரம், இது இடி வீழ்ந்த மரம் என்று குறை கூறி விலக்குகிறான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து, அதனுள் மயிர் கிடப்பதைக் காட்டுகிறான். கருவியைத் தேர்ந்தறிவதும் இசைப்புலமையின் ஒரு பகுதியே என்பது திருத்தக்கதேவர் கருத்துப் போலும்.

அந்த யாழ் இன்று நம்மிடையே இல்லை. ஆயினும் கருவியைத் தேரும் கவலை நம்மை விட்டு நீங்கவில்லை. போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் தீவுத் தலைநகரில், மாலை வேளையில் வீதி வழியே நடப்போர்க்கு ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து கிதார் ஒலி கேட்கும். நிக்கோபாரியர் தேவாலயப் பாடல்களிலும் அது இடம்பெற்றுள்ளது. நம் தமிழ்ப் பிள்ளைகளோ திரையிசையின் வழியே அதனை நாடுகின்றனர். இளையராஜா அவர்களே முறையாகக் கிதார் பயின்றவர் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆதலின், அளவான வருவாயுள்ள குடும்பத்தினர் ஒரு நல்ல கிதாரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். தெலானிப்பூரில் என் அண்டை வீட்டார் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தம் பதின்மூன்று வயது மகளுக்காக, கப்பலில் ஊர் சென்று திரும்புகையில் செந்நிறத்தில் பளபளக்கும் கிதார் ஒன்றை வாங்கி வந்தார். விலை மலிவு, தோற்றமோ மிக அழகு. இரண்டு மாதம் சென்றது. “அப்பா, விரல் எரிகிறது, தந்தி அழுந்தவேயில்லை” என்றாள் அந்தப் பெண். “பரவாயில்லை அம்மா, எல்லார்க்கும் இசை வாய்ப்பதில்லை” என்று ஆறுதல் கூறி, தந்தையார் கருவியை அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

பின்னொருநாள், கார் நிக்கோபாரிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் அக்கருவியைக் கண்டார். அவர் தேவாலயப் பாடற்குழுவில் பல்லாண்டு வாசித்தவர். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயங்கள் மூன்றை எடுத்து அடுக்கி, கிதாரின் பன்னிரண்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே நுழைத்தார், மூன்றும் நுழைந்தன. “இதனை அழுத்த என் விரலே வலிக்குமே, இந்தக் குழந்தையின் விரல் என்ன செய்யும்?” என்றார். ஒரு மாலைப்பொழுது முழுவதும் அமர்ந்து அதனைச் செப்பம் செய்தார். அடுத்த திங்களில் அப்பெண் தன் முதற்பாடலை வாசித்தாள். தந்தையார் கண் கலங்கினார். அது மகிழ்ச்சியால் மட்டும் அன்று என்பதை நான் உணர்ந்தேன்.

குறை கருவியில் இருந்தது. பழியோ பிள்ளையின்மேல் விழுந்தது. இவ்வாறு எத்தனை இல்லங்களில் எத்தனை பிள்ளைகள், தமக்கு இசை வாராது என்று எண்ணிக் கைவிட்டனரோ! ஆகவே மலிவான கருவி வாங்குவது தவறன்று. ஆராயாது வாங்குவதே தவறு.

இனி, கருவியின் உறுப்புகளைக் காண்போம். வீணைக்கு நாம் வழங்கும் சொற்களையே இங்கும் வழங்கலாம். தந்திகளை முறுக்குவன பிருடைகள். விரல் பதிக்குமிடத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள் மெட்டுகள். அவற்றைத் தாங்கும் நீண்ட பகுதி தண்டு. உடற்பகுதியின் முகமாக விளங்குவது மேற்பலகை. அதன்மீது தந்திகளைத் தாங்கி நிற்பது குதிரை.

இவற்றுள் ஒலியைப் பெரிதும் ஆக்குவது எது? இன்றைய கிதாரின் வடிவத்தை நிலைநாட்டியவர் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் அந்தோனியோ தே தோரஸ். அவர் 1862-இல் ஒரு சோதனை செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்தார். மேற்பலகையே ஒலியின் உயிர் என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். அக்கருவி இன்றும் பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. சித்திர வேலைப்பாட்டிற்கும் வண்ணப் பூச்சிற்கும் பொருளைச் செலவிட எண்ணுவோர் இக்காகிதக் கிதாரை ஒருகணம் நினைத்துக்கொள்வார்களாக.

மரத்தின் பெருமை பேசி மயக்குவோரும் உளர். நீலகிரி முதலிய மலைகளில் விளையும் நம் ஈட்டி மரம் உலகப் புகழ் பெற்றது. பிரேசில் நாட்டு மரம் கிடைத்தற்கு அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் நம் ஈட்டிக்கு மாறியது. நம் தீவுகளின் படாக் மரமும் வேங்கையின் இனத்ததே. 1883-இல் நிறுவப்பெற்ற சாத்தம் மர ஆலையைக் கண்டோர் அதன் செந்நிறத்தை அறிவர். அதனாலும் கிதாரின் பின்பலகையையும் பக்கங்களையும் செய்வோர் உளர். இவையெல்லாம் நம் பெருமைக்குரியனவே. ஆயினும் முதற்கருவி வாங்கும் எளிய குடும்பம் இவற்றிற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுவதில்லை.

மேற்பலகை இருவகைப்படும். ஒன்று முழுமரப் பலகை. மற்றொன்று மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகை. முழுமரம் இனிய நாதம் தருவது. நாளாக ஆகக் குரல் விரிவது. ஆனால் அது காற்றின் ஈரத்திற்கேற்ப உப்பவும் சுருங்கவும் செய்யும். கிதாருக்கு ஏற்ற காற்று ஈரம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை என்பர். நம் தீவுகளிலோ ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. இரு பருவக்காற்றுகளும் நம்மை நனைத்தே செல்கின்றன. இங்கு ஈரம் அவ்வெல்லையை மிகத் தாண்டி நிற்கும். மேற்பலகை உப்பினால் குதிரை உயரும்; குதிரை உயர்ந்தால் தந்தி உயரும்; தந்தி உயர்ந்தால் விரல் வருந்தும். ஆகவே, தோரஸ் கூறியது உண்மையேயெனினும், கடலோரம் வாழும் நமக்கு முதற்கருவியாக நல்ல ஒட்டுப்பலகைக் கிதாரே தக்கது. நாதத்தில் சிறிது குறைந்தாலும் நிலைபேற்றில் அது மிஞ்சும். மும்பை, கொச்சி போன்ற கடற்கரை நகரங்களில் வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, கடையில் செய்யத்தக்க ஐந்து சோதனைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, தண்டின் நேர்மை. கிதாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேரே உயர்த்தி, குதிரைப் பக்கத்திலிருந்து தண்டின் ஓரத்தை நோக்குக. அது முறுக்கிக்கொண்டிருத்தல் ஆகாது. இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து தண்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். அதனைத் தாங்கத் தண்டினுள் திருகித் திருத்தத்தக்க எஃகுக் கோல் ஒன்று வைக்கப்பெறும். அஃது உண்டா என்று கேட்டறிக. இல்லையேல் அக்கருவி வேண்டா.

இரண்டாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டில் தடித்த தந்திக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று தாராளமாக நுழையலாம். இரண்டை அடுக்கினால் ஏறக்குறையத் தட்ட வேண்டும். மூன்று நுழையுமாயின் விலகி வருக. குதிரைமேல் பதித்த சட்டத்தின் அடியை உப்புத்தாளால் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். ஆயினும் அங்கே 2 மில்லிமீட்டர் குறைத்தால்தான் பன்னிரண்டாம் மெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்கும். எனவே தேய்க்கச் சட்டத்தில் இடம் உள்ளதா என்றும் காண்க.

மூன்றாவது, சுருதித் தூய்மை. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள். ஆதலின் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடத்தில் அமையும். அவ்விடத்தில் தந்தியை அழுத்தாது, மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோன்ற மேல் ஸ்தாயி ஒலி எழும். பின்னர் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். வேறுபட்டால், அக்கருவியில் பாடல் மேலே செல்லச் செல்லச் சுருதி பிசகும்.

நான்காவது, மெட்டுகள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் கரகரவென்று இரைந்தால் அம்மெட்டோ அடுத்ததோ மட்டம் தவறியுள்ளது. தண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க. மெட்டின் முனை கீறுதல் கூடாது.

ஐந்தாவது, பிருடைகளும் ஒட்டுவேலையும். பிருடை தள்ளாடாது ஒரே சீராகச் சுழல வேண்டும். குதிரையின் பின்விளிம்பில் மெல்லிய தாள் நுழையுமானால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதனை எவ்விலைக்கும் ஏற்கற்க.

வாசிக்கத் தெரியாதவர் எங்ஙனம் சோதிப்பது எனக் கேட்கலாம். மேற்கூறிய ஐந்திற்கும் இசைப்பயிற்சி தேவையில்லை. கண்ணும் காதும் சிறிது பொறுமையும் போதும். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லல் இன்னும் நன்று. ஒரே விலையுள்ள மூன்று கருவிகளை வாசிக்கச் செய்து, முகம் திருப்பி நின்று கேளுங்கள். கண்ணால் கவர்ந்த கருவி காதிற்கு உவவாமை அப்போது விளங்கும்.

தந்தி இரும்போ நைலானோ என்பதும் எண்ணத்தக்கது. நைலான் தந்தி மென்மையானது. இளம் விரல்களுக்கு இதமானது. உப்புக்காற்றில் அதன் மெல்லிய தந்திகள் துருவேறுவதில்லை. திரைப்பாடல்களையும் குழுப்பாடல்களையும் வீச்சாக மீட்ட விழைவோர்க்கு இரும்புத் தந்தியே ஏற்றது. ஆனால் நைலானுக்கென அமைந்த கிதாரில் இரும்புத் தந்தியைப் பூட்டற்க. விசை தாங்காது குதிரை பெயர்ந்துவிடும். சிறுவர்க்கு முக்கால் அளவுக் கிதார் உண்டு. பிள்ளையை உட்காரவைத்து மடியில் கொடுத்துப் பார்த்தபின் வாங்குக.

பணத்தைப் பங்கிடுவதிலும் ஒரு முறை உண்டு. கையில் எட்டாயிரம் ரூபாய் இருப்பின், கருவிக்கு ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் செலவிடற்க. எஞ்சியது பஞ்சு வைத்துத் தைத்த உறைக்கும், மாற்றுத் தந்திகளுக்கும், சுருதி காட்டும் சிறு கருவிக்கும், வல்லுநர் ஒருவரிடம் செப்பம் செய்வதற்கும் ஆகட்டும். செப்பம் செய்த மலிவான கிதார், செப்பம் செய்யாத விலையுயர்ந்த கிதாரினும் பிள்ளைக்கு நன்மை தரும்.

எங்கே வாங்குவது? நம் அபர்டீன் கடைத்தெருவில் கையால் தொட்டுப் பார்த்து வாங்க வாய்ப்பிருந்தால் அதற்கே முதலிடம் தருக. இன்று திரையில் படம் பார்த்து வீட்டிலிருந்தே வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. ஆனால் படத்தின் கீழ் நாணயத்தை நுழைத்துப் பார்க்க இயலாது. சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. குறையுள்ள கருவியைத் திருப்பியனுப்பல் எளிதன்று. விடுமுறையில் ஊர் செல்வோர் சென்னை அண்ணாசாலையிலோ, கல்கத்தா வழியே வருவோர் லால்பஜார்ப் பகுதிக் கடைகளிலோ அரைநாள் செலவிடலாம். கப்பலில் கொண்டுவருகையில் தந்திகளைச் சற்றே தளர்த்தி, வெயிலும் சாரலும் படாது வைத்துக்கொள்க.

வீடு வந்தபின் பேணுதல் வேண்டும். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் தந்திகளைத் துடையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருவேறும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் கருவியை மாட்டாதீர்கள். உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பைகள் இரண்டை இட்டு, அவ்வப்போது உலர்த்தி மீண்டும் இடுங்கள். மாதம் ஒருமுறை அந்த நாணயச் சோதனையைச் செய்யுங்கள். தந்தி உயர்ந்திருப்பின் காலம் தாழ்த்தாது செப்பம் செய்விப்பீராக.

நேயர்களே! ஊரைவிட்டுக் கடல் கடந்து வாழும் நாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய செல்வம் சிலவே. அவற்றுள் இசையும் ஒன்று. விலையுயர்ந்த கருவி தர இயலவில்லையே என்று எந்தத் தந்தையும் தாயும் வருந்த வேண்டா. குற்றமற்ற கருவி தந்தோமா என்பதே கேள்வி. உங்கள் மகனோ மகளோ “விரல் வலிக்கிறது” என்று சொன்னால், பிள்ளையை மதிப்பிடுமுன் கருவியைச் சோதியுங்கள். தெலானிப்பூர்ச் சிறுமியின் கிதார் இப்போது அலமாரியின் மேல் இல்லை. நாள்தோறும் மாலையில் என் சாளரத்தின் வழியே அதன் ஒலி வருகிறது. அடுத்த முறை கடைக்குச் செல்கையில் உங்கள் சட்டைப்பையில் ஒரு ரூபாய் நாணயங்கள் மூன்று இருக்கட்டும்.