பயிர் நோயறிதல்: வயலும் ஆய்வுக்கூடமும்

(வேளாண் மாணவர்களுக்கும் விரிவாக்க அலுவலர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)

இமயமலையின் அடிவாரத்திலுள்ள தராய்ப் பகுதியில் 1960களில் நெற்பயிரை ஒரு கோளாறு வாட்டியது. நடவு முடிந்த இரண்டு மூன்று வாரங்களில் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றின. பயிர் வளர்ச்சி குன்றியது. 'கைரா' எனப்பட்ட அது பார்வைக்குத் தொற்றுநோய் போலவே இருந்தது. ஆயினும், துத்தநாகப் பற்றாக்குறையே அதன் காரணம் என்பதைப் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் அறிஞர் ஒய். எல். நேனே 1966இல் கண்டறிந்தார். துத்தநாக சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த கரைசலைத் தெளிப்பதே அதற்குப் பரிகாரமாயிற்று. அங்குப் பூசணக்கொல்லியை எத்தனை முறை தெளித்தாலும் உழவரின் பணமும் பருவமுமே வீணாகியிருக்கும்.

நோயறியும் கல்வியின் முதற்பாடம் இதுவே. நெல் இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்துக் குறைவும் காரணமாகலாம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ வைரஸும் காரணமாகலாம். ஆய்வுக்கூடத்திற்கு வந்த ஓர் இலையை மட்டும் கண்டு இவற்றைப் பிரித்தறிவது அரிது. வயலில் நிற்பவருக்கோ வேறு சான்றுகள் கிடைக்கின்றன. பாதிப்பு வயல் முழுதும் சீராகப் பரவியுள்ளதா, திட்டுத்திட்டாக உள்ளதா? முதலில் வாடியது முதிர்ந்த இலையா, இளந்தளிரா? பூச்சிகள் தென்படுகின்றனவா? நட்ட நாள், இரகம், இட்ட உரம், பாய்ச்சிய நீர் ஆகியவற்றை உழவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

சில சோதனைகளை வரப்பிலேயே செய்துவிடலாம். பாக்டீரியா இலைக்கருகல் என ஐயுற்ற இலையை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்கும். இதற்கு ஒரு கண்ணாடிக் குவளை போதும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. முற்றிலும் பட்டுப்போன பகுதியில், பிற்பாடு வந்து குடியேறிய சாறுண்ணிப் பூசணங்களே மிகுந்திருக்கும். ஆதலால் நோயுற்ற திசுவும் நலமான திசுவும் சந்திக்கும் விளிம்பிலிருந்து மாதிரி எடுத்தல் வேண்டும். அதனைக் காகித உறையிலிட்டு, இடமும் நாளும் குறித்து, விரைவில் ஆய்வுக்கூடம் சேர்த்தல் நலம்.

வளர்ப்பு ஊடகத்தில் ஒரு பூசணம் வளர்ந்துவிட்டால் மட்டும் அதுவே நோய்க்காரணி என்று முடிவுகட்டலாகாது. பிரித்தெடுத்த உயிரியை நலமான செடியில் செலுத்த, அதே அறிகுறிகள் தோன்றவேண்டும். அச்செடியிலிருந்து அதே உயிரி மீண்டும் கிடைக்கவேண்டும். இராபர்ட் காக் வகுத்த இந்நெறி பயிருக்கும் பொருந்தும். வைரஸ்களோ இவ்வூடகங்களில் வளர்வதில்லை. அவற்றிற்குத் தனிச் சோதனைகள் உள்ளன.

ஆய்வுக்கூட முடிவுடன் மாணவர் அதே வயலுக்குத் திரும்பிச் செல்லுதல் வேண்டும். முன்பு கண்ட அறிகுறியும் இப்போது பெற்ற முடிவும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேதான் தெளிவாகும். ஒவ்வாதபோது, "இன்னும் ஆராய வேண்டும்" என்று உழவரிடம் கூறுவது அலுவலருக்கு இழுக்கன்று. ஆராயாமல் எழுதித்தரும் மருந்துச் சீட்டே இழுக்கு. அதன் விலையைக் கொடுப்பவர் உழவர்.