பொதிப் பட்டியலில் தமிழைத் தேடுதல்



ஜூரோங் வட்டார நூலகத்தில் நூல் தேடுவோர்க்கு நூற்பட்டியல் இருப்பதுபோல, யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள் தேடுவோர்க்கும் ஒரு பட்டியல் உண்டு. நிறுவுதற்கேற்பக் கட்டிவைத்த மென்பொருளைப் ‘பொதி’ என்கிறோம். 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. முனையத்தில் ‘ஆப்ட் சர்ச்’ என்னும் கட்டளையோடு ஒரு சொல்லை இட்டால், பெயரிலோ விளக்கத்திலோ அச்சொல்லைக் கொண்ட பொதிகள் வரிசையாகத் தோன்றும்.

இப்பட்டியலில் தமிழ் எங்கே இருக்கிறது? லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகப் பொதியின் பெயர் ‘டி-ஏ’ என்னும் குறியில் முடிகிறது. அச்சுப் பக்கத்தின் படத்தைத் திருத்தத்தக்க எழுத்தாக மாற்றும் டெசராக்டின் தமிழ்ப் பொதி ‘டி-ஏ-எம்’ என முடிகிறது. லோகித் எழுத்துருவோ ‘டி-ஏ-எம்-எல்’. முன்னிரண்டும் மொழிக்குரிய குறிகள், மூன்றாவது எழுத்துமுறைக்குரியது. குறிகளை அறியாதவரும் தமிழ் என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால் மூன்றையும் கண்டெடுக்கலாம்.

தமிழ்99 விசைப்பலகையின் நிலை வேறு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பெற்ற அவ்விசைப்பலகை, ‘எம்17என்-டிபி’ என்னும் பன்மொழித் தரவுப் பொதிக்குள் இருக்கிறது. பெயரில் தமிழுக்குரிய குறி எதுவும் இல்லை. பொதிகளுக்குள் அடங்கிய கோப்புகளின் பெயர்களைத் தேடும் ‘ஆப்ட்-ஃபைல்’ கருவியால்தான் அது எளிதில் அகப்படும். உள்ள பொருளே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. இதையே நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாட்டைக் கூட்டிய அமரர் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக்கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கியவர். அக்கழகம் இன்று ஜூரோங்கை அடுத்த நன்யாங் வளாகத்தில் உள்ளது. திரையில் தமிழ் தோன்ற வேண்டும் என்பதே அக்காலத்துக் கவலை. இன்று தோன்றுகிறது, ஆனால் பட்டியலின் மூல விளக்கங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன.

அவ்விளக்கங்களைப் பிறமொழிகளில் பெயர்க்கும் தன்னார்வத் திட்டம் டெபியனில் உண்டு. ஒருவர் பெயர்ப்பார், பிறர் சரிபார்ப்பார்கள். மொழிவகுப்புக்கு உகந்த பயிற்சி இது. ‘லைப்ரரி’ என வருமிடமெல்லாம் ‘நூலகம்’ என்று எழுதிவிட்டால், மாணவர் புத்தகத்தையல்லவா எதிர்பார்ப்பார்? அங்கே பொருள், பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுதி. ‘நிரலகம்’ எனலாமா என்பதை மாணவர்களே வாதிடட்டும்.

64,000 பொதிகளையும் பெயர்க்க வேண்டியதில்லை. முதலில் எழுத்துருக்கள், பின்னர்க் கல்விப் பிரிவு. அவற்றுக்கும் முன்னே, அந்தப் பன்மொழித் தரவுப் பொதியின் விளக்கத்தில் ‘தமிழ்99’ என்னும் ஒரு சொல்லைச் சேர்க்குமாறு அதைப் பேணுவோருக்கு எழுதலாம்.