ரூபாய் விழுந்தால் யார் தலையில் விழுகிறது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

அம்பேத்கரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். சாதி ஒழிப்பு, மதமாற்றம் என்று ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள. நான் ரூபாய்க்கும் பவுண்டுக்கும் இருந்த மாற்று விகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கவிதை எழுதுகிறவனுக்கு இது எதுக்கு என்று கேட்கலாம். நான் வங்கியில் குமாஸ்தாவும்கூட. 1923ல் லண்டனில் அண்ணல் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' அவருடைய டி.எஸ்சி. ஆய்வு. கணக்குப் புத்தகம்தானே என்று நம்ம ஆட்கள் பலர் அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அது தள்ளக்கூடாத புத்தகம்.

முதலில் கணக்கு. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக ஒரு பவுண்டு 240 பென்ஸ். நம்ம ரூபாய் வெள்ளிக்காசு. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 24 பென்ஸ். பத்து ரூபாய்க்கு ஒரு பவுண்டு. பிறகு ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. மற்ற ஐரோப்பிய நாடுகளும் பின்னால் போயின. வேண்டாத வெள்ளி சந்தையில் குவிந்தது. வெள்ளி சரிய, ரூபாயும் சரிந்தது. 1892-93ல் 15 பென்ஸ். 1894-95ல் 13 பென்ஸ் சொச்சம். அதாவது பவுண்டுக்கு 18 ரூபாய்க்கு மேல்.

வெள்ளை அரசாங்கம் லண்டனுக்குப் பவுண்டில் கட்ட வேண்டிய தொகை ஒன்று இருந்தது. கடன் வட்டி, ரயில்வே வட்டி, ஓய்வுபெற்ற துரைமார்களின் பென்ஷன் எல்லாம் அதில் அடக்கம். 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். 1890களில் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல். பத்து ரூபாய் விகிதத்தில் ஒன்றரைக் கோடி பவுண்டு என்றால் 15 கோடி ரூபாய். பதினெட்டு ரூபாய் விகிதத்தில் 27 கோடி. பவுண்டில் ஒரு பென்னி கூடவில்லை, ரூபாயில் 12 கோடி கூடிப்போச்சு. யார் கொடுத்தது?

1888ல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய் ஆனது. பர்மா யுத்தச் செலவு ஒரு காரணம், ரூபாயின் சரிவு இன்னொரு காரணம். நெல்லைக் கூலியாக வாங்கிய நம்ம பாட்டன் பாட்டிக்கு லண்டன் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆனால் உப்பு வயலில் விளையாதே. அந்த உப்பு வழியாக லண்டன் அவர்கள் கஞ்சிக்குள் வந்தது. இந்தப் பக்கம் வெள்ளை அதிகாரிகள், ரூபாய் விழுந்ததால் எங்கள் சம்பளம் கரைந்துவிட்டது என்றார்கள். 1893ல் அவர்களுக்கு ஈட்டுப்படி கிடைத்தது. உப்பு வாங்கினவர்களுக்கு எந்தப் படியும் இல்லை.

ரூபாய் சரிந்தபோது ஏற்றுமதி வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். அதே பவுண்டுக்குக் கூடுதல் ரூபாய் வந்தது. நாட்டுக்கே லாபம் என்றார்கள். அண்ணல் இங்கேதான் குறுக்கே வருகிறார். இந்த லாபம் இங்கிலாந்திலிருந்து வரவில்லை, நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்திடமிருந்து இன்னொரு வர்க்கத்துக்குப் போகிறது என்கிறார். பொருள் விலை ஏறுகிறது, கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளிதான் லாபம்.

1893ல் நாணயச்சாலையில் தனியாருக்கு வெள்ளிக்காசு அடித்துத் தருவதை நிறுத்தினார்கள். பிறகு விகிதம் 16 பென்ஸில், அதாவது பவுண்டுக்கு 15 ரூபாயில் நின்றது. முதல் உலகப் போர் அதையும் கலைத்தது. 1925-26ல் ஹில்டன் யங் கமிஷன் உட்கார்ந்தது. 16 பென்ஸா, 18 பென்ஸா என்று பெரிய சண்டை. பம்பாய் மில் முதலாளிகளும் தேசியத் தலைவர்கள் பலரும் 16 என்றார்கள். புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் கமிஷனுக்குள்ளேயே மாறுபட்டு எழுதினார். அரசாங்கம் 18 என்றது. 1927ல் 18 சட்டமானது. பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை.

அந்தக் கமிஷன் முன் அண்ணலும் சாட்சியம் சொன்னார். விகிதம் தாழ்ந்தால் வியாபாரிக்கு ஆதாயம், கூலிக்காரருக்கு நஷ்டம் என்று எடுத்து வைத்தார். அதற்காக அரசாங்கத்துக்குக் கை தட்டவும் இல்லை. ரூபாய் வெளியிடுவதற்கு அதிகாரிகள் இஷ்டப்படி மாற்ற முடியாத வரம்பு வேண்டும் என்றார். உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருந்தால் வெளி விகிதம் தன்னால் சீராகும் என்பது அவர் வாதம்.

18 பென்ஸ் ஏழைகளின் விகிதம் என்றும் நினைக்க வேண்டாம். 1930களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலை படுத்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 1931ல் பவுண்டு தங்கத்தை விட்டு விலகியபோதும் ரூபாயை அதனோடு 18 பென்ஸில் கட்டிப்போட்டார்கள். அடகுக் கடையிலும் வட்டிக்காரர் கையிலும் விழுந்த பெண்களின் நகை கப்பலேறியது.

1966 ஜூன் 6ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பவுண்டு 13.33லிருந்து 21 ரூபாய் ஆனது. 1967ல் பவுண்டே மதிப்பிறங்கி 18 ஆனது. 1975ல் பவுண்டோடு இருந்த முடிச்சை அவிழ்த்தார்கள். 1991 ஜூலையில் மூன்று நாளில் இரண்டு முறை ரூபாயைக் குறைத்தார்கள். இப்போது எல்லோரும் பார்ப்பது டாலரைத்தான். வளைகுடாவில் மகன் இருக்கிற அம்மா எங்கள் கவுன்டருக்கு வந்தால் கூடுதலாக நாலு காசு வாங்கிப் போகிறார், உண்மைதான். அதே தெருவில் யாரும் வெளிநாடு போகாத வீட்டில் பாமாயில் விலைதான் ஏறுகிறது.

ஆகவே தோழர்களே, விகிதம் ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள், விலை எந்த மாதம் ஏறியது, கூலி எந்த மாதம் ஏறியது என்று இரண்டு தேதியையும் நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். நடுவில் இருக்கிற மாதங்கள் நம்மிடமிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைக் கணக்குப் போட்டுக் கேட்க வேண்டியது நம்ம வேலை.